இரும்பில் ஒரு பெயர், ஆர்சி புக்கில் இன்னொரு பெயர்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டின் பழைய ஷெட்டில், தார்ப்பாய் போர்த்திப் பல வருஷமாக நின்ற ஜீப் ஒன்றை என் நண்பர் வாங்கினார். ஆர்சி புக்கில் தயாரிப்பாளர் 'வில்லிஸ்', வருஷம் 1944. விற்றவரும் வில்லிஸ் என்றார், கூட வந்த மெக்கானிக்கும் வில்லிஸ் என்றார். முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடிச்சட்டத்தில், அதாவது சேஸில், அப்பியிருந்த சேற்றையும் கிரீஸையும் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அது வில்லிஸ் இல்லை, ஃபோர்டு.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. இரண்டாம் உலகப் போரில் ராணுவம் ஜீப் கேட்ட வேகத்துக்கு வில்லிஸ்-ஓவர்லேண்ட் கம்பெனியால் தனியாக ஈடுகொடுக்க முடியவில்லை. அதே வரைபடங்களைக் கொடுத்து ஃபோர்டையும் செய்யச் சொன்னார்கள். இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளின. வில்லிஸ் செய்ததற்கு 'எம்பி' என்று பெயர், ஃபோர்டு செய்ததற்கு 'ஜிபிடபிள்யூ'. அந்தக் கடைசி 'டபிள்யூ', இது வில்லிஸின் வடிவமைப்பு என்பதற்கான அடையாளம். போர் முடிந்த பிறகு இந்தியாவில் மிஞ்சிய வண்டிகள் ஏலத்தில் போய், எஸ்டேட், பண்ணை, காண்டிராக்டர் என்று ஊர் ஊராகப் பரவின. நம்மூரில் பழைய ஜீப் என்றால் எல்லாமே வில்லிஸ்தான், வனஸ்பதி என்றால் டால்டா என்பது மாதிரி.

வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும், எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தால். ரேடியேட்டருக்குக் கீழே சட்டத்தின் இரு பக்கத்தையும் இணைக்கும் குறுக்குத் தண்டு வில்லிஸில் உருண்டைக் குழாய், ஃபோர்டில் கவிழ்த்த 'ப' வடிவத் தகடு. ஃபோர்டு தன் போல்ட் தலையில்கூட 'எஃப்' என்று ஓர் எழுத்தைப் பொறித்துவைத்தது. சேஸ் நம்பர் விஷயத்தில் இன்னும் பெரிய வேறுபாடு. வில்லிஸ், முன் பம்பருக்குப் பின்னால் இடப்பக்கச் சட்டத்தின் உள்பக்கம் ஒரு சின்னத் தகட்டை ரிவிட் அடித்து அதில் நம்பரைப் போட்டது. ரிவிட் துருப்பிடித்தால் தகடு விழுந்துவிடும், அதோடு அடையாளமும் போச்சு. ஃபோர்டு அதே இடப்பக்கச் சட்டத்தின் மேல்முகத்தில், இரும்பிலேயே நம்பரை வெட்டியது. சட்டம் இருக்கும்வரை அது இருக்கும்.

நண்பரின் வண்டியில் அந்த வெட்டு நம்பர் இருந்தது. 'ஜிபிடபிள்யூ' என்ற எழுத்துகள், பிறகு இலக்கங்கள். ஆர்சியில் அதே இலக்கங்கள் இருந்தன, எழுத்துகள் மட்டும் இல்லை. எஞ்சின் நம்பரோ 'எம்பி' என்று தொடங்கியது. ஃபோர்டு சட்டத்தில் வில்லிஸ் எஞ்சின்! ராணுவப் பட்டறைகளில் இது சாதாரணம். இரண்டு கம்பெனி எஞ்சினும் ஒரே அளவு, கையில் கிடைத்ததை மாட்டி அனுப்பியிருப்பார்கள். வண்டியை முதலில் பதிவு செய்த குமாஸ்தா எஞ்சினில் 'எம்பி'யைப் பார்த்து வில்லிஸ் என்று எழுதியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். எழுபது வருஷத்துக்கு மேலாக யாரும் அதைக் கேள்வி கேட்கவில்லை.

இப்போது ஏன் கேட்க வேண்டும்? மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 55(5). வண்டியில் பொறித்திருக்கும் எஞ்சின் நம்பரோ சேஸ் நம்பரோ ஆர்சியில் இருப்பதிலிருந்து வேறுபட்டால், உரிமையாளரின் விளக்கத்தைக் கேட்டுவிட்டுப் பதிவை ரத்து செய்ய அந்தப் பிரிவு ஆர்டிஓவுக்கு அதிகாரம் தருகிறது. வண்டி ஷெட்டில் கிடக்கும்வரை பிரச்சினை இல்லை. பெயர் மாற்றம், புதுப்பிப்பு, 'விண்டேஜ்' பதிவு என்று கவுண்டரில் போய் நின்ற அன்றைக்குத்தான் தாளையும் இரும்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அதற்குள் பெயிண்டுக்கு மட்டும் லட்சங்கள் போயிருக்கும். நம் ஆட்கள் செய்யும் தப்பு இதுதான்: வண்டி வந்த மறுநாளே டிங்கரிங்குக்கு அனுப்புவது. பட்டி பூசி, பிரைமர் அடித்து, நம்பர் இருந்த பள்ளத்தையே மெழுகி மூடிவிடுவார்கள்.

சேஸ் நம்பர்தான் வண்டி என்று ஏன் ஆனது என்பதற்குப் பழைய காரணம் உண்டு. அந்தக் காலத்து ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி முழு கார் விற்கவில்லை. சட்டம், எஞ்சின், சக்கரம், ஸ்டியரிங் இவ்வளவுதான் விற்கும். வாங்கியவர் அதை பார்க்கர், ஹூப்பர் மாதிரியான பாடி கட்டும் கம்பெனிக்கு அனுப்பி, தன் ரசனைக்கேற்ற உடம்பை அதன்மேல் கட்டிக்கொள்வார். நம் மகாராஜாக்கள் புலிவேட்டைக்கு ஒன்று, ஊர்வலத்துக்கு ஒன்று என்று கட்டிக்கொண்டதெல்லாம் அப்படித்தான். உடம்பை மாற்றலாம், எஞ்சினையும் மாற்றலாம், மாறாதது சட்டம். அதனால் நம்பர் சட்டத்தில்.

பிறகு சட்டமே இல்லாத கார்கள் வந்தன. மோரிஸ் மைனர், அம்பாசடர் இவற்றிலெல்லாம் தகட்டு உடம்பே சட்டம், கீழே தனியாக ஒன்றும் கிடையாது. ஆனாலும் 'சேஸ் நம்பர்' என்ற பேச்சு நிலைத்துவிட்டது. இந்த வண்டிகளில் பெரும்பாலும் பானெட்டைத் திறந்தால் எதிரே தெரியும், எஞ்சினையும் உட்காரும் இடத்தையும் பிரிக்கும் ஃபயர்வால் தகட்டில் ரிவிட் அடித்த பட்டயம் ஒன்று இருக்கும். மோரிஸ் மைனருக்கு அங்கேதான். எஞ்சின் நம்பர் டைனமோவுக்கு மேலே, பிளாக்கின் பக்கவாட்டில். இந்தக் காரை யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இன்றைக்கும் ஓட்டுகிறார்கள், அங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை.

சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் செய்த ஹெரால்டு இதில் ஒரு விதிவிலக்கு. 1961ல் வந்த கார், ஆனாலும் பழைய பாணியில் கீழே தனிச் சட்டமும் மேலே போல்ட் போட்டு மாட்டிய உடம்பும். இங்கிலாந்தில் அதன் மூலமான ட்ரயம்ப் ஹெரால்டில் இருப்பதைச் சேஸ் நம்பர் என்றுகூடச் சொல்ல மாட்டார்கள், 'கமிஷன் நம்பர்' என்பார்கள். வெளிநாட்டு ஆவணத்தில் அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு, ஏதோ ராணுவ கமிஷன் என்று நினைத்துக்கொண்ட ஒருவரை எனக்குத் தெரியும்.

ஒவ்வொரு கம்பெனியும் நம்பரை ஒவ்வோர் இடத்தில் வைத்தது, சில இடங்கள் வேண்டுமென்றே கண்ணாமூச்சி ஆடுவதுபோல இருக்கும். ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் பின் சீட்டைத் தூக்கினால், நடுவில் ஓடும் மேட்டின் மேல் வெட்டியிருக்கும். எஞ்சின் நம்பர் பின்னால், டைனமோ நிற்கும் பீடத்துக்குக் கீழே கிராங்க் கேஸில். 1927 முதல் 1931 வரை வந்த ஃபோர்டு 'மாடல் ஏ'தான் இதில் எல்லாரையும் விட மோசம். எஞ்சினின் இடப்பக்கம் ஒரு மேடையில் நம்பர் பளிச்சென்று தெரியும். அதே நம்பரைச் சட்டத்தின் இடப்பக்க மேல்முகத்திலும் வெட்டியிருப்பார்கள், ஆனால் அதன்மேல் உடம்பு உட்கார்ந்திருக்கும். பார்க்க வேண்டுமென்றால் உடம்பின் போல்ட்டுகளைத் தளர்த்தி ஓரமாகத் தூக்க வேண்டும். அமெரிக்காவில் அந்தக் காலத்தில் பல மாநிலங்கள் எஞ்சின் நம்பரையே வண்டி நம்பராக எழுதிக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது. எஞ்சின் மாறினால் அந்தத் தாள் செல்லாக்காசு.

இன்னொரு பெரிய குழப்பம் வார்ப்பு நம்பர். எஞ்சின் பிளாக்கில் பெரிதாகப் புடைத்து நிற்கும் எண்ணைப் பார்த்ததும் 'கிடைச்சிருச்சு' என்று போட்டோ எடுத்து அனுப்புவார்கள். அது எஞ்சின் நம்பர் இல்லை. வார்க்கும்போதே அச்சில் விழுந்த பாக எண், அதே எண் ஆயிரக்கணக்கான பிளாக்குகளில் இருக்கும். எஞ்சின் நம்பர் என்பது பிறகு பஞ்ச் வைத்து அடித்தது, விரலால் தடவினால் பள்ளமாக இருக்கும். புடைத்திருந்தால் வார்ப்பு, பள்ளமாக இருந்தால் வெட்டு. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

நம்பரின் நீளமும் ஒரு துப்பு. 17 எழுத்துள்ள இன்றைய முறை அமெரிக்காவில் 1981 மாடல் கார்களிலிருந்துதான் கட்டாயமானது. அதற்கு முன்னால் ஆளுக்கொரு கணக்கு, ஐந்து இலக்கம்கூட இருக்கும். ஆகவே 1965 மாடல் என்று சொல்லி 17 எழுத்து நம்பரைக் காட்டினால், மரியாதையாக டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம். இந்த 17ல் 'ஐ', 'ஓ', 'க்யூ' மூன்று ஆங்கில எழுத்துகளும் வரவே வராது, ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பும் என்பதால். பழைய நம்பர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. கையெழுத்து ஆர்சியில் 5 என்று இருப்பது இரும்பில் 'எஸ்' ஆக இருக்கும், 0 என்று இருப்பது 'ஓ' ஆக இருக்கும்.

சரி, துருவுக்குள் கிடக்கும் நம்பரை எப்படி வெளியே எடுப்பது? முதலில் மண்ணெண்ணெய், பிரஷ், துணி. கிரைண்டர் வேண்டாம், அது கையில் இருக்கும் மெக்கானிக்கே அந்தப் பக்கம் வேண்டாம். பெயிண்ட் இருந்தால் ரிமூவர் தடவி மரக்குச்சியால் வழிக்க வேண்டும். கடைசியில் மெல்லிய உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, கையால், லேசாக. அப்புறம் சாக்பீஸ் பொடியைத் தேய்த்துத் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும். டார்ச்சை நேராகக் காட்டாமல் பக்கவாட்டிலிருந்து சாய்த்துக் காட்டினால் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். ஜீப்பில் மூன்றாவது இலக்கம் அப்படித்தான் தெரிந்தது. அதுவரை 8 என்று நினைத்தோம், டார்ச் சாய்ந்ததும் 3 ஆனது. ஆர்சியில் 3தான் இருந்தது. அன்றைக்கு நண்பர் விட்ட பெருமூச்சு பக்கத்து எஸ்டேட்டுக்குக் கேட்டிருக்கும்.

ஆர்டிஓ ஆபீஸில் கேட்கும் 'பென்சில் பிரிண்ட்' இந்த நம்பரின் நகல்தான். எண்ணின்மேல் பென்சிலால் கறுப்பாகத் தேய்த்து, அதன்மேல் செலோடேப்பை ஒட்டி அழுத்தி உரித்தால் நம்பர் டேப்போடு வந்துவிடும், அதைப் படிவத்தில் ஒட்டிவிடுவார்கள். மேடுபள்ளமான துருச் சட்டத்தில் டேப் சரியாக ஒட்டாது. அங்கே மெல்லிய தாளை வைத்துப் பென்சில் முனையைப் படுக்கவைத்துத் தேய்ப்பதுதான் வழி. நாலைந்து பிரதி எடுத்து வைத்துக்கொள்வது நல்லது, முதல் பிரதி எப்படியும் எங்காவது காணாமல் போகும்.

நம்பர் முழுக்க அரித்துப்போயிருந்தால் செய்யக் கூடாத ஒன்று உண்டு: நாமே பஞ்ச் வாங்கி அடிப்பது. ஆர்சியில் இருக்கும் எண்ணைத்தானே அடிக்கிறோம் என்ற நியாயம் எடுபடாது. எழுத்தின் வடிவம், ஆழம், இடைவெளி எல்லாம் பழக்கப்பட்ட கண்ணுக்கு உடனே தெரியும், திருட்டு வண்டி என்ற சந்தேகம்தான் முதலில் வரும். எழுதிக் கொடுத்து, ஆய்வு செய்யச் சொல்லி, உத்தரவு வாங்கிய பிறகே எதையும் தொட வேண்டும். சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் வாங்கும் பழைய பாகங்களுக்கும் இதே கவனம் வேண்டும். எஞ்சின் பிளாக் வாங்கினால் அதன் நம்பரோடு பில் இல்லாமல் வாங்கக் கூடாது.

இனி விண்டேஜ் பதிவு. 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி இதற்கென்று தனி ஏற்பாடு கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் கடந்த, சொந்த உபயோகத்துக்கான இருசக்கர, நான்கு சக்கர வண்டிகள் இதில் வரும். தயாரித்த வருஷம் இல்லை, முதல் பதிவுத் தேதி என்பதைக் கவனிக்க வேண்டும். கோடு வருஷா வருஷம் நகர்ந்துகொண்டே இருப்பதால், நேற்றுவரை டாக்சியாகப் பார்த்த பழைய ஃபியட்டெல்லாம் ஒவ்வொன்றாக விண்டேஜ் ஆகிக்கொண்டிருக்கின்றன. கார் சங்கங்களின் கணக்கு வேறு. அவர்கள் 'விண்டேஜ்' என்றால் 1919 முதல் 1930 வரை, அதற்குப் பின்னாலிருப்பவற்றுக்கு வேறு பெயர்கள். அரசாங்கத்துக்கு ஐம்பதைத் தாண்டினால் எல்லாம் ஒன்று.

விண்ணப்பம் படிவம் 20ல். இன்சூரன்ஸ், கட்டணம், இந்தியாவில் ஏற்கனவே பதிவான வண்டியென்றால் பழைய ஆர்சி, இறக்குமதியானால் சுங்கத்தின் பில் ஆஃப் என்ட்ரி. மாநிலம் அமைக்கும் குழு வண்டியைப் பார்த்து ஒப்புக்கொண்டால் 60 நாளுக்குள் சான்றிதழ். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், அடுத்த முறை 5,000 ரூபாய். புதிதாக நம்பர் வாங்கும் வண்டிக்கு மாநில எழுத்துக்குப் பிறகு 'விஏ' என்று வரும். ஏற்கனவே பதிவான வண்டி தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் அந்த விதிகளிலேயே மிக அழகான வரி அதுதான். எம்.ஜி.ஆரின் அம்பாசடர் என்றால் டி.எம்.எக்ஸ். 4777, காமராஜரின் செவர்லே என்றால் எம்.டி.டி. 2727. 1989ல் புது மோட்டார் வாகனச் சட்டம் அமலுக்கு வந்து 'டிஎன்' வரிசை தொடங்குவதற்கு முந்தைய அந்த மூன்றெழுத்து நம்பர்கள் வண்டியின் முகம் மாதிரி. அதைப் பிடுங்கிவிட்டுப் புது நம்பர் கொடுத்தால் பாட்டிக்குப் பேத்தியின் பெயரை வைத்த கதையாகிவிடும்.

இரண்டு முடிச்சுகள் இருக்கின்றன. ஒன்று, விண்டேஜ் வண்டியை ரோட்டில் ஓட்டுவதற்குக் கட்டுப்பாடு. கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்றால் சரி. தினமும் ஆபீசுக்கோ வாடகைக்கோ கூடாது. மற்றது, சேஸ், உடம்பு, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் மூல வடிவிலேயே வண்டி இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இது லேசுப்பட்ட நிபந்தனை இல்லை. பெட்ரோல் விலைக்குப் பயந்து அம்பாசடருக்கும் ஜீப்புக்கும் டீசல் எஞ்சின் மாட்டாத ஊர் உண்டா? மாற்றம் முறையாக ஆர்சியில் ஏறியிருந்தால் சாதாரணப் பதிவில் அது குற்றமில்லை. விண்டேஜ் குழு முன்னால் அதே எஞ்சின் வண்டியைத் தள்ளுபடி செய்யப் போதும்.

அதனால் பழைய வண்டி வைத்திருக்கும் எல்லாரும் விண்டேஜுக்கு ஓட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆர்சி உயிரோடு இருந்து, வண்டியை வாரம் ஒருமுறையாவது குடும்பத்தோடு ஓட்டும் ஆசை இருந்தால், 5 வருஷத்துக்கு ஒருமுறை சாதாரணப் புதுப்பிப்பே போதும். கட்டணம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. 2022 ஏப்ரலில் காருக்கு 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2025ல் 20 வருஷத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு 10,000 ஆனது, இறக்குமதிக் காராக இருந்தால் 80,000. வருஷத்துக்கு இரண்டு பேரணி, மற்ற நாளெல்லாம் ஷெட் என்றிருக்கும் வண்டிக்கு விண்டேஜ் பதிவு நாளடைவில் மலிவு.

ஆர்சி புக்கே கரையான் அரித்துப்போன வண்டிகளின் பாடு தனி. பழைய பதிவேடுகள் எல்லாம் அரசின் வண்டிப் பதிவுக் கணினியான 'வாகன்'இல் ஏறவில்லை. எந்த ஆபீஸில் முதலில் பதிவானதோ அங்கே போய், ரெஜிஸ்டரைத் தூசி தட்டித் தேடச் சொல்லி, கணினியில் ஏற்ற வைக்க வேண்டும். இங்கிலாந்து வண்டிகளுக்கு ஒரு துணை உண்டு. கேய்டன் என்ற ஊரிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் ஆஸ்டின், மோரிஸ், ட்ரயம்ப் முதலிய பல கம்பெனிகளின் தொழிற்சாலைப் பேரேடுகளை வைத்திருக்கிறது. சேஸ் நம்பரைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால், அந்த வண்டி எந்த எஞ்சினோடு, என்ன நிறத்தில், எந்த நாட்டுக்குப் போனது என்று சான்றிதழ் தருவார்கள். அது ஆர்சிக்கு மாற்று இல்லை, ஆனால் எஞ்சின் மூலமானதா என்று குழு கேட்கும்போது கையில் காட்ட ஒரு தாள்.

ஜீப்புக்கு அப்படிப் பேரேடு எதுவும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. கையில் இருந்தது பென்சில் பிரிண்ட், குறுக்குத் தண்டின் போட்டோ, 'எஃப்' போட்ட நாலு போல்ட். தயாரிப்பாளர் பெயரைத் திருத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தோம். பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். ஓய்வுபெற இரண்டு வருஷம் இருக்கும் மனிதர். சாக்கை விரித்துப் படுத்து, சொந்த டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, எழுத்தோடு சேர்த்து நம்பரை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, "எஞ்சின் யாருது, சட்டம் யாருதுன்னு ரெண்டையும் தனித்தனியா எழுதிக் குடுங்க" என்றார். கொடுத்தோம். திருத்தம் ஆனது. விண்டேஜ் பதிவுக்கு விண்ணப்பம் இப்போதுதான் போயிருக்கிறது. வில்லிஸ் எஞ்சினைக் குழு என்ன சொல்லும் என்பது இனிமேல்தான் தெரியும்.

வண்டி இப்போது பெயிண்ட் ஷெட்டில் நிற்கிறது, ராணுவப் பச்சை. இடப்பக்கச் சட்டத்தின் மேல் ஒரு சாண் நீளத்துக்கு பெயிண்ட் வேண்டாம், வெறும் கிரீஸ் தடவினால் போதும் என்று நண்பர் சொல்லியிருக்கிறார். பெயிண்டருக்கு மனசு கேட்கவில்லை. "சார், அந்த ஒரு இடம் மட்டும் அசிங்கமா தெரியுதே, ஒரு கோட்டு அடிச்சுவிடட்டுமா?" என்று இதுவரை இரண்டு முறை போன் செய்துவிட்டார்.